தேசப்பனுக்குக் கட்டிய டூப்பு மீன்கள்

1

இன்று காலை சமையலறைத் தொட்டியில் ரீலைக் கழுவினேன். தூண்டில் கம்பின் அடியில் நூலைச் சுற்றி வைக்கும் உருளை அது. கடலுக்குப் போய்வந்த ரீலை நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தால் உள்ளே உப்புப் பூத்துத் துருப்பிடித்து, ஒருநாள் சுற்றவே மாட்டேன் என்று மக்கர் செய்யும். மூடியைத் திருகி எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு சிட்டிகை மணல் வந்தது. சாம்பல் நிறம். எண்ணூர் மணல்.

நானிருக்கும் ஊரின் மணல் வெள்ளை. கையில் ஒட்டாது, காலில் ஒட்டாது, மனசிலும் ஒட்டாது. எங்கள் மணலில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்திருக்கும். விரலில் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி கோடு இழுக்கும். குழாயை மூடிவிட்டு, அந்த மணலை டீ வடிகட்டியில் பிடித்தேன். "அதுல நாளைக்கு டீ போடணும்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை முடித்து வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

தம்பி தேசப்பன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவன் தெவசத்துக்கு ஊருக்குப் போய், அவனுடைய ரீலோடு இந்த வாரம்தான் திரும்பினோம். மாடியில் என் மகள் நித்யா அட்டைப் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கல்லூரிக்குப் பக்கத்தில் தோழிகளோடு வீடு எடுத்திருக்கிறாள், அடுத்த மாதம் போகிறாள். ஒட்டு நாடாவைக் கிழிக்கும் சத்தம் படிக்கட்டு வழியே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. மணலைக் காகிதத்தில் கொட்டி மடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சூரியன் கடலிலிருந்து எழும் ஊரில் பிறந்தேன். சூரியன் கடலுக்குள் விழும் ஊரில் குடியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை. சென்னைத் துறைமுகத்தில் வெல்டராக இருந்தவன், இங்கேயும் ஒரு துறைமுகத்தில் கன்டெய்னர்களை அடுக்குகிறேன். சாயங்காலம் கரையில் நிற்கும்போது இன்றைக்கும் ஒரு கணம் குழம்பிப்போகிறேன். வெளிச்சம் கடல் பக்கம் இருந்தால் அது விடியல் என்றுதான் உடம்பு நினைக்கிறது. இருட்டத் தொடங்கியதும் ஏதோ ஏமாற்றப்பட்டது போலிருக்கும்.

2

இங்கே வெள்ளைக்காரர்கள் ஒரு விதமாக மீன் பிடிப்பார்கள். இரை கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் இறகும் செயற்கை முடியும் ஜிகினாவும் வைத்து நூலால் கட்டி, சின்ன மீன் போலச் செய்வார்கள். அதற்கென்று எடையே இருக்காது. எடையெல்லாம் நூலில்தான். கம்பைப் பின்னால் வீசி முன்னால் வீச, கனத்த நூல் காற்றில் சாட்டை போல உருண்டு போய் விழும், நுனியில் அந்தப் பொய் மீன். ஃப்ளை என்பார்கள். ஈ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஒரு விரல் நீளத்து ஈயை யார் பார்த்தார்கள்? தேசப்பன்தான் பெயர் வைத்தான். டூப்பு.

கன்டெய்னர் யார்டில் கூட வேலை செய்கிற ஒருவர் என்னையும் ஒருநாள் படகில் கூட்டிப்போய்ப் பழக்கினார். கரை மறையும் தூரம் வரை போய்ச் சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் வீசினோம். அப்போது எடுத்த வீடியோவைத் தேசப்பனுக்கு அனுப்பினேன். அவனுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, எண்ணூருக்குப் பக்கத்தில் எர்ணாவூர் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் கட்டிலோடு இருந்த காலம் அது. பேச்சு திரும்பி வந்துவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வலை இழுக்கிறவனுக்கு ஒரு கை போனால் தொழில் போச்சு. அவன் மகன் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குப் போகிறான், கடலை எட்டிப் பார்ப்பதில்லை. ஃபைபர் படகை விற்றுவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்த வீடியோ போன மறுநாள் தேசப்பன் அழைத்தான். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான்.

"ண்ணா, இந்தக் கம்பு இம்மாம் லேசா கீதே. ஒரு கையால புடிக்கலாமா?"

ஒரு கை கம்புக்கு, இன்னொரு கை நூலை இழுக்க, ரெண்டு கை வேண்டும் என்றேன். அப்போது ஃபோனுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி கஸ்தூரியின் குரல் வந்தது. "இன்னொரு கை நான் குடுக்கறேன், மாமா. நீங்க அனுப்புங்க."

அப்புறம் அவன் தணிந்த குரலில் சொன்னதுதான் இந்தக் கதை முழுக்க. மீன் வேணாம்ண்ணா, வித்துத் துன்னவும் வேணாம். ஒரே ஒரு வாட்டி அந்த இழுப்பு கையில வந்தாப் போதும்.

3

கடலுக்கு இந்தச் சாமான் தேர்ந்தெடுப்பது லேசான காரியமில்லை. ஆற்று மீனுக்கு எடுக்கும் கம்பு, சூரை ஒரு திருப்புத் திருப்பினால் முருங்கைக் குச்சியாக முறியும். கடலுக்குக் கம்பின் அடிப்பகுதியில் வலு வேண்டும், நுனி வளைய வேண்டும். ரீலுக்குள் உப்புத்தண்ணீர் புகாத பிரேக் வேண்டும். வீசும் நூலுக்குப் பின்னால் நூறு நூறு மீட்டராக மெல்லிய நூல் சுற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் ஓடுகிற மீன் கேட்டுக்கொண்டு ஓடாது. வஞ்சிரத்தின் பல் பிளேடு, அதனால் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. கடையில் கெத்தாகத்தான் நின்றேன்.

நூலில்தான் முதல் தப்பு செய்தேன். நான் வழக்கமாக வாங்குவது இந்தக் குளிர்க்கடலுக்குச் செய்தது. கடைக்காரர், எந்த ஊர்க் கடலுக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்தார். அந்த வெயிலில் இது வெந்த சேமியா மாதிரி தொங்கிவிடும், வெப்பக் கடலுக்கென்று விறைப்பான நூல் தனியாக இருக்கிறது, அதை எடு என்றார். என் ஊர் வெயிலை எனக்கு இன்னொருவர் நினைவுபடுத்தினார். இருபது வருஷத்தில் உடம்பு எதையெல்லாம் மறந்துவிடுகிறது.

இரண்டாவது தப்பு நிறத்தில். நீலமும் வெள்ளையுமாகக் கட்டி வைத்திருந்த டூப்புகளை வீடியோவில் காட்டினேன். தேசப்பன் உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னாண்ணா இது. உன் கடலு இங்க் புட்டி. நம்முது அப்டியா கீது?"

பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடினால் கடலின் சத்தம் வருகிறது, நாற்றம் வருகிறது, ராயபுரம் மீன் ஏலத்தில் ஐஸ் உடைக்கும் ஓசைகூட வருகிறது. தண்ணீரின் நிறம் மட்டும் வர மறுத்தது.

மறுவாரம் கஸ்தூரி ஒரு காரியம் செய்தாள். பக்கத்து வீட்டுப் படகில் தொற்றிக்கொண்டு போய், மூன்று கண்ணாடிப் புட்டிகளில் தண்ணீர் பிடித்து வந்து ஜன்னலோரம் வரிசையாக வைத்து, பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, வீடியோவில் காட்டினாள். இது ஆறு கடல்ல விழற எடம், மாமா. இது பவர்ஹவுசு ரெண்டு சிம்னியும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறையற எடம். இது அதுக்கும் அப்பால, சிம்னி விரக்கட்ட அளவுக்குத் தெரியற எடம்.

புட்டியில் பிடித்தால் எந்தத் தண்ணீரும் தண்ணீர்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலாவது ஆறிப்போன கடுங்காப்பி. இரண்டாவதில், பச்சைக் கண்ணாடி வளையலை வெயிலில் பிடித்தால் தாளில் விழுமே ஒரு நிழல், அந்த நிறம். மூன்றாவதில் அந்தப் பச்சை விலகி, நீலம் வரலாமா வேண்டாமா என்று நின்றது.

என் தோளுக்குப் பின்னால் நித்யா வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். அவள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள். பிறகு என்னுடைய முடிக்கற்றைப் பெட்டியைத் திறந்து, மஞ்சளும் ஆலிவ் பச்சையும் வெள்ளையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

4

எங்கள் வீட்டில் தமிழ் ஒருவழிப் பாதை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சித்தப்பாவோடு பேசு என்று ஃபோனைக் கொடுத்தால் ஒரு ஹாய், இரண்டு ஓகே, பிறகு என் கையில் ஃபோன். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. நானே யார்டில் இரண்டு நாக்கோடுதான் அலைகிறேன், ஒன்றும் முழுசாக இல்லை.

அந்த ஒரு மாதம் வேறு மாதிரி இருந்தது. சாயங்காலம் கராஜில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து டூப்பு கட்டினோம். நெத்திலி அளவில் சில, கையளவு சில. தலையில் ஈயக் கண் வைத்தவை ஆழத்துக்கு, நுரைத் தலை வைத்தவை மேலே மிதந்து கொப்பளிக்க. முள்ளெல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கண் ஒட்டிய பசை காயும்வரை ஒன்றோடொன்று படாமல் வைக்க வேண்டும். நித்யா இட்லித் தட்டை எடுத்து வந்தாள், குழிக்கு ஒன்று. அன்றைக்கு அடுப்பங்கரையில் இட்லி வேகவில்லை, உப்புமாதான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

புது நூல் சுருண்டு சுருண்டுதான் வரும். அதை நீளமாகக் கட்டி இழுத்து முறுக்கு எடுக்க வேண்டும். ஒருநாள் கராஜ் கதவுப் பிடியில் ஒரு முனையைக் கட்டி, தரையோடு இழுத்துக்கொண்டுபோய் மறுமுனையைச் சுவர் ஆணியில் கட்டியிருந்தேன். நித்யா இரண்டு கையிலும் டீக் கோப்பையோடு வந்தாள். வந்தவள் நூலைத் தாண்டிக் கால் வைத்தாள்.

"ஏய், நூலத் தாண்டாத டி!"

என் குரல் இல்லை அது. எங்கள் நைனாவின் குரல். கரையில் காயும் வலையைப் பொம்பளைங்க யாராவது தாண்டிவிட்டால் குப்பமே அதிரக் கத்துவார். வலையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தாண்டினால் மீன் படாது. என் அம்மா தலையில் கூடையோடு, முழு வலையையும் சுற்றிக்கொண்டு கொதிக்கும் மணலில் நடப்பாள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. அது என் தொண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

நித்யா ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமுமாக நின்றாள். ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் உளறினேன். பொண்ணுங்க தாண்டக்கூடாது, சித்தப்பாவுக்கு மீன் கிடைக்காது, அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். அவள் கோப்பைகளைத் தரையில் வைத்தாள், சிந்தாமல். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவே தேசப்பனிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

"இன்னாண்ணா நீ. இன்னும் அங்கயே குந்திகினு கீற. அதெல்லாம் நைனாவோட போச்சு. கஸ்தூரி நூலத் தாண்டுது, வலையத் தாண்டுது, கோவம் வந்தா என்னியே தாண்டிகினு போவுது. பொண்ணாண்ட போனக் குடு."

நித்யாவின் அறைக் கதவைத் தட்டி ஃபோனைக் கொடுத்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வெகுநேரம் தேசப்பனின் குரல் கேட்டது, நடு நடுவே அவளுடைய ஓகே. என்ன பேசினான் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கராஜுக்கு வரவில்லை. ஆனால் கட்டுவதை நிறுத்தவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சமையலறை மேடையில் இட்லித் தட்டு இருக்கும், குழிகளில் புதிதாகச் சில பச்சை மீன்கள். மேடையில் டீக் கறை இருக்கும். அவள் இருக்க மாட்டாள்.

5

கம்பு, ரீல், நூல், டூப்பு எல்லாம் வைத்து நான் அனுப்பிய பெட்டி சென்னை போய்ச் சேர்ந்து, ஒரு சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. பறவை இறகு இருக்கிறதாம், நோயில்லாத பறவையின் இறகு என்று சான்று வேண்டுமாம். நான் இங்கே ஒரு அலுவலகத்தைக் கேட்டேன். அவர்கள் விவசாயத்துறையைக் கேட்கச் சொன்னார்கள். விவசாயத்துறை, பறவை உயிரோடிருக்கிறதா என்று கேட்டது. இறகைக் கடையில் வாங்கினேன், பறவையோடு எனக்குப் பழக்கமில்லை என்று எழுதினேன். பதிலில்லை.

கஸ்தூரி எர்ணாவூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். போகிற ஒவ்வொரு தடவையும் ஆள் மாறியிருப்பார், முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு அதிகாரி பெட்டியைப் பிரித்து மேஜைமேல் கொட்டி, இது என்ன, பொம்மையா என்று கேட்டிருக்கிறார்.

"மீனுக்குப் பொய்ச் சோறு, சார்ன்னேன். எப்டின்னாரு. ஒண்ண எடுத்து நூலுல தொங்கவுட்டு, நெத்திலி மாதிரி ஆட்டிக்கினே மேஜைய சுத்தி வந்தேன் மாமா. அல்லாரும் எயுந்து நின்னு பாக்கறாங்க. வூட்டுக்காரருக்குக் கை வராது, அவருக்கோசரம்ன்னேன். கையெயுத்து போட்டுட்டாரு."

வீடியோவில் இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். தேசப்பன் சிரிக்கவில்லை. இட்லிக் குழியில் காய்ந்த அந்தப் பச்சை மீன்களை இடது கையில் ஒவ்வொன்றாக எடுத்து, வலது உள்ளங்கையில் அடுக்கிக்கொண்டிருந்தான். எதையும் பிடிக்காத கை, ஆனால் ஏந்தியிருந்தது.

6

வாடைக்காற்று ஓய்ந்ததும் கடலுக்குப் போனார்கள். இடது கையில் கம்பு அவனுக்கு, நூல் அவளுக்கு. வீச முடியாது என்பதால் படகைக் காற்றோடு விட்டு, நூலை ஓடவிட்டு, கஸ்தூரி முழம் முழமாக வெட்டி வெட்டி இழுப்பாள், கீழே டூப்பு துள்ளித் துள்ளி வரும். எந்தப் புத்தகத்திலும் இப்படி மீன் பிடிக்கச் சொல்லவில்லை. கரையில் கிண்டல் செய்தார்கள். "இன்னா தேசு, கடலுக்கே கோழி எறகு உட்டு காது கொடயிறியா?" தேசப்பன் ஆமாம், அதுக்கு ரொம்ப நாளா காது கேக்கல என்றானாம்.

பல நாள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு வெறும் படகின் படம் வரும், நான் வெறும் கட்டைவிரலை அனுப்புவேன். ஒருநாள் யார்டில் மதிய இடைவேளையில் ஃபோனைப் பார்த்தேன். அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியிருந்தான்.

"ண்ணா. வஞ்சிரம்ண்ணா. கம்பு வில்லு மாதிரி வளையுது, கஸ்தூரி கத்துது, நான் கத்தறேன். படகாண்ட வந்து கண்ணக் காட்டிச்சு. காட்டிட்டு, வாயத் தொறந்து துப்பிட்டுப் போயிடுச்சு. எடுத்துப் பாத்தா முள்ளு மொட்டையா கீது. நீ நசுக்கிட்டியா? மீனப் புடிக்க அனுப்ச்சியா, முத்தம் குடுக்க அனுப்ச்சியா?" நீளமாக மூச்சு வாங்கினான். பிறகு குரல் இறங்கியது. "பரவால்லண்ணா. இழுப்பு வந்துச்சு. வராத கையிலகூட வந்துச்சு. நெசமா. அடுத்த வாட்டி நசுக்காத அனுப்பு."

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கூர் நீட்டியிருக்கும். மாட்டிய மீன் நழுவாமல் பிடிப்பது அதுதான். இங்கே பிடித்த மீனை வலிக்காமல் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுவார்கள், அதற்காக அந்தக் கூரைக் குறட்டால் நசுக்கிவிடுவோம். முள் கையில் வந்தால் குறடும் கூடவே வந்துவிடும், பழகிய கை. குப்பத்தில் பிறந்தவன், தம்பிக்கு அனுப்புகிற ஒவ்வொரு முள்ளையும் நசுக்கித்தான் அனுப்பியிருக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தச் செய்தியை நித்யாவின் அறை வாசலில் நின்று சத்தமாக ஓடவிட்டேன். கதவு திறக்கவில்லை. மறுநாள் காலை இட்லித் தட்டில் பச்சை மீன்கள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். கூர் என் விரலைக் குத்தியது. எதையும் நசுக்கவில்லை.

அவற்றை அனுப்ப நேரம் கிடைக்கவில்லை. ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்த தேசப்பன் எழுந்திருக்கவில்லை. கஸ்தூரி என்னை அழைத்து, மாமா, என்று மட்டும் சொன்னாள். இன்னொரு தடவை, மாமா. எனக்குப் புரிந்துவிட்டது.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். இரண்டு வாரம் என்றார்கள். எங்கள் ஊரில் அடுத்த நாளே உடலை எடுத்துவிடுவார்கள். யார்டு மேற்பார்வையாளர் விடுப்புப் படிவத்தை நீட்டி, உறவுமுறை எழுதச் சொல்லிவிட்டு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். நான், நன்றி, உங்களுக்கும் அப்படியே, என்றேன். இருபது வருஷ ஆங்கிலம். அவர் என் தோளைத் தட்டினார். படிவத்தில் சகோதரன் என்று எழுத வேண்டிய இடத்தில் தம்பி என்று தமிழில் எழுதியிருந்தேன், யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஃபோனில் பார்த்தேன். யாரோ ஒரு பையன் கையில் வைத்திருந்த ஃபோன். பறைச் சத்தத்தில் அவன் கை ஆடி ஆடி, எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புகள், மாலையின் ஒரு ஓரம், பிறகு வெகுநேரம் வானம். வானத்தில் எண்ணூர்ச் சிம்னி. அதன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று கடலுக்குப் போகலாம், காற்று சரியாக இருக்கிறது என்று மனது பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டது.

7

தெவசத்துக்கு நித்யா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளே டிக்கெட்டுக்குத் தேதி கேட்டாள். பெட்டியில் துணிகளுக்கு நடுவே, நசுக்காத அந்த டூப்புகளை ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கியிருந்தாள்.

எர்ணாவூர் வீட்டில் ஜன்னலோரம் அந்த மூன்று புட்டிகளும் இன்னும் இருந்தன. உள்ளே தண்ணீர் பாதியாகச் சுண்டி, அடியில் உப்பு. கஸ்தூரி படகை விற்கவில்லை. கிட்டத்திலேயே போய் நண்டு வலை விடுகிறாள். என்னைப் பார்த்து அழுதவள், நித்யாவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, இன்னாடி இம்மாம் ஒசரம் வளந்துட்ட என்றாள். நித்யா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் அதை விடவில்லை.

படையல் முடிந்த மறுநாள் விடிகாலை, வாங்க மாமா, அவரு கம்ப ஒருவாட்டி எடுத்துகினு போயிட்டு வரலாம் என்று கஸ்தூரி எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனாள். கடலிலிருந்து சூரியன் எழுந்துகொண்டிருந்தது. சரியான பக்கத்தில், சரியான நேரத்தில். ஒரு வருஷமாகச் சுற்றியே கிடந்த நூல் முறுக்கேறிப் போயிருந்தது. தேசப்பன் சொல்லிக்கொடுத்தபடி கஸ்தூரி ஒரு முனையைப் படகு வளையத்தில் கட்டி, மணலோடு நீள இழுத்துக்கொண்டுபோய், கரையின் மேட்டில் ஒரு முளையில் கட்டினாள். முறுக்கு இறங்கட்டும் என்று விட்டுவிட்டுச் சாமான்களை எடுத்துவரப் போனோம்.

படகு நூலுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். கஸ்தூரி பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு நூலைத் தாண்டிப் போனாள், கீழே பார்க்கக்கூட இல்லை. மீன்கூடையோடு போன இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே தாண்டினார்கள். ஒரு நாய் தாண்டியது.

நித்யா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நூலுக்கு முன்னால் வந்தாள். நின்றாள். பிறகு திரும்பி, நூலை ஒட்டியே மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். சாம்பல் மணலில் கால் புதையப் புதைய, அந்த நீளம் முழுக்க நடந்து, முளையைச் சுற்றி, மறுபக்கமாக அதே தூரம் இறங்கி வந்தாள். நாங்கள் காத்திருந்தோம். எஞ்சினில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்த கஸ்தூரி அப்படியே நின்றாள்.

"இன்னாடி கண்ணு, இம்மாந்தூரம் சுத்திகினு வர? தாண்டி வர்றதுதான?"

நித்யா மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, கிண்டலாகவும் இல்லை. தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

"தாண்டினா, அப்பாவுக்குப் பிடிக்காது, சித்தி."

கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள். நான் இன்னும் நூலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.